"கேட்க ஆளே இல்லையா?" என்று நான் எழுதிய சனிக்கிழமை

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தாதி மிஸ்ஸிகளுக்காக, அதாவது உங்களுக்காக, ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்டிருந்தார்கள். நோயாளியிடம் கனிவாகப் பேசுவது, நேரத்துக்கு வருவது, பொறுமை காப்பது என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதையெல்லாம் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். தாதியர் அறைச் சுவரில் போஸ்டரே ஒட்டியிருக்கிறார்கள். எனக்கோ ஓய்வு பெற்ற பிறகும் ஆறாத கோபம் ஒன்று இருக்கிறது. அதில் பாதி என் மேல். அதைத்தான் எழுதப்போகிறேன். படித்துவிட்டு உங்களுக்கும் கோபம் வந்தால் நல்லது.

நான் லெட்சுமி. மலாய்க்காரத் தோழிகளுக்கு 'கக் லெட்சுமி', லெட்சுமி அக்கா. ஜொகூரில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தேன். வீடு மாசாயில். அம்மன் கோயில் நடந்து போகிற தூரம். வெள்ளிக்கிழமை தவறாமல் போவேன். நெற்றியில் திருநீறு இல்லாமல் ஷிஃப்டுக்கு வந்ததில்லை. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. நடந்த தப்பு வெளியிலிருந்து வந்த யாரோ செய்தது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

அன்று சனிக்கிழமை, காலை ஷிஃப்ட். கோப்பி கலக்கிக்கொண்டே கைப்பேசியைத் திறந்தேன். கோயில் வாட்ஸாப் குழுவில் ஒரு காணொளி வந்திருந்தது. ஒரு நிமிடம்கூட ஓடாது. எங்கள் வட்டாரத்துப் பிளாட் ஒன்றின் நடைபாதை. குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் அம்மன் படம் சுவரில் சாய்ந்து நிற்கிறது. சட்டம் கழன்று, தாளின் ஓரம் சுருண்டிருக்கிறது. எடுப்பவனின் குரல் மட்டும் கேட்கிறது:

"பாருங்க, நம்ம ஆத்தாவ குப்பையில போட்டுட்டு உள்ள உக்காந்து அல்லேலூயா பாடுறானுங்க. இன்னிக்கும் பத்து மணிக்குக் கூட்டமாம்."

கீழே பிளாட்டின் பெயர், மாடி, வீட்டு எண் எல்லாம் போட்டிருந்தார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. பல்வலி என்று வருகிறவனிடம்கூட எப்போதிருந்து, எந்தப் பக்கம், என்ன சாப்பிட்டாய் என்று நாலு கேள்வி கேட்கிறவள் நான். அன்று ஒரு கேள்விகூட என் மண்டையில் ஓடவில்லை. யார் வைத்தது? எப்போது வைத்தது? ஏன் வைத்தது? எதுவும் கேட்கவில்லை. மகளிர் குழுவுக்கும் இளைஞர் குழுவுக்கும் அதை அனுப்பினேன். முதலுதவி சொல்லிக்கொடுத்தவள் என்பதால் இளைஞர் குழுவில் என்னையும் சேர்த்திருந்தார்கள். காணொளிக்குக் கீழே என் கைப்பட ஒரு வரியும் எழுதினேன்: "இதைக் கேட்க ஆளே இல்லையா?"

பிறகு கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு, மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு வேலைக்குப் போனேன். வழியில் மனசு லேசாகக்கூட இருந்தது. ஏதோ கடமையை முடித்துவிட்ட மாதிரி.

பதினொரு மணிவாக்கில் ஒரு பழைய வேன் வாசலில் வந்து நின்றது. நான் முன்வாசல் முகப்பில் இருந்தேன். யாரை எந்தப் பகுதிக்கு அனுப்புவது என்று பார்த்து முடிவு செய்கிற இடம் அது. ஒரு பெண் கணவனைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்தாள். அவருடைய வெள்ளைச் சட்டை முன்பக்கம் முழுக்க ரத்தம். இடது கண்ணை ஒரு குழந்தையின் துண்டால் அழுத்திப் பிடித்திருந்தார். அவர்களுக்குப் பின்னால் இன்னொரு பெண், வீட்டில் போடுகிற நைட்டியோடு, செருப்புக்கூட இல்லாமல் ஓடி வந்தாள். அவளுடைய முழங்கைக்குக் கீழே புடைத்திருந்த நரம்பைப் பார்த்ததுமே சிறுநீரகத்துக்காக வாரம் மூன்று முறை இரத்தம் சுத்திகரிக்கிறவள் என்று தெரிந்தது.

"என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன்.

"ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தோம் மிஸ்ஸி," என்றாள் மனைவி. அவள் பெயர் ஸ்டெல்லா. "பத்துப் பன்னெண்டு பேரு கதவ ஒடச்சிக்கிட்டு வந்தாங்க. ஹெல்மெட்டால அடிச்சாங்க. கண்ணுலயே அடிச்சாங்க."

என் பேனா நின்றுவிட்டது. எந்தப் பிளாட் என்று கேட்டேன். சொன்னாள்.

அடிபட்டவர் பெயர் சாமுவேல். பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றில் பளுதூக்கி வண்டி ஓட்டுகிறவர். விடுமுறை நாட்களில் நோயாளிகள் இருக்கும் வீடுகளுக்குப் போய் ஜெபம் செய்வார். நைட்டியில் வந்தவள் மங்கை, அந்த வீட்டுக்காரி. ஜெபம் அவளுக்காகத்தான்.

"நாந்தான் மிஸ்ஸி," என்று மங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாந்தான் அந்தப் படத்த வெளிய வெச்சேன். மேல் வீட்டு பைப்பு ஒழுகுது. செவரு பூரா ஈரம். ஆத்தா படம் நனைஞ்சு போச்சு. நேத்துச் சாயந்தரம் காய வெக்க நடையில வெச்சேன். அந்த மனுசன் தொடவே இல்ல. வர்றப்பல்லாம் 'அந்தப் படத்த எடுத்துடு தங்கச்சி'ன்னு சொல்வாரு. 'எடுக்க மாட்டேண்ணே'ன்னு நான் சொல்வேன். சரின்னுட்டு ஒக்காந்து ஜெபம் பண்ணிட்டுப் போவாரு. அவ்வளவுதான் மிஸ்ஸி, எங்களுக்குள்ள சண்டையே கெடையாது."

இந்த வார்த்தைகளை நான் மறக்கவே இல்லை. அவர் 'எடு' என்கிறார், அவள் 'மாட்டேன்' என்கிறாள். பிறகு இருவரும் ஒழுகுகிற அதே வீட்டில் ஒன்றாக உட்கார்ந்து அவள் பிழைக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறார்கள். நல்லிணக்கம் நல்லிணக்கம் என்று மேடையில் முழங்குகிறார்களே, அது அந்த வீட்டுக்குள் ஏற்கெனவே இருந்தது. ஒருவர் நம்பிக்கை மற்றவருக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் ஆளை விட்டுக்கொடுக்கவில்லை. அதைத்தான் நாங்கள் கதவை உடைத்துக்கொண்டு போய்க் கலைத்தோம். 'நாங்கள்' என்றுதான் எழுதுகிறேன். தெரிந்தே எழுதுகிறேன்.

சாமுவேலை உயிராபத்தில் இருப்பவர்களை வைக்கிற சிவப்புப் பகுதிக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அன்று அங்கே இருந்த மருத்துவ உதவியாளர் ஒரு மலாய்க்காரர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். பெயர் போட்டால் அவருக்குப் பிடிக்காது, போடவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கக், ஓகே கெ?" என்று கேட்டார், அக்கா, சரியாக இருக்கிறீர்களா என்று. ஓகே என்றேன். காணொளியை அனுப்பியதை அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று எனக்குள் ஒரு மூலை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

நான் முகப்புக்குத் திரும்பி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஏழெட்டுப் பேர் உள்ளே வந்தார்கள். முன்னால் லோகன்.

லோகனைப் பற்றிச் சொல்லவேண்டும். கோயில் இளைஞர் குழுத் தலைவன். திருவிழா என்றால் மூன்று நாள் தூங்காமல் வேலை செய்வான். என் கணவர் இறந்தபோது பாடை தூக்கிய நாலு பேரில் ஒருவன். இப்படிப்பட்டவர்கள் ரவுடிகள், வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று பேசுவார்கள். நம்பாதீர்கள். எனக்குத் தெரிந்த நல்ல பிள்ளைகளில் அவனும் ஒருவன். அதனால்தான் எனக்கு இன்னும் அதிகமாகக் கோபம் வருகிறது.

வலது உள்ளங்கையில் துண்டைச் சுற்றியிருந்தான். ஜன்னல் கண்ணாடியைக் குத்தி உடைத்ததில் வெட்டு. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அக்கா, நீங்களா இன்னிக்கு டூட்டி? நல்லதாப் போச்சு. அந்த ஆளு எங்க இருக்கான்?"

"எந்த ஆளு?"

"அந்தப் பாஸ்டரு. ஒண்ணும் செய்ய மாட்டோம்க்கா. போலீஸ் ரிப்போர்ட் கிப்போர்ட் போடக்கூடாதுன்னு ரெண்டு வார்த்த சொல்லிட்டுப் போயிடுறோம்."

"நோயாளி எங்க இருக்காருன்னு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வெளிய போங்க எல்லாரும்."

அவன் சிரித்தான். அவமதிக்கிற சிரிப்பில்லை. தன் வீட்டு ஆளிடம் சிரிக்கிற சிரிப்பு.

"என்னக்கா இது? நீங்கதானே கேக்க ஆளே இல்லையான்னு போட்டீங்க. கேட்டுட்டோம்."

ஸ்டெல்லா எனக்குப் பின்னால் நாலடி தூரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் மெதுவாக எழுந்து நிற்பதை நான் திரும்பாமலேயே உணர்ந்தேன்.

இந்த இடத்தில் என்ன செய்யவேண்டும் என்று எந்தப் பயிற்சியும் உங்களுக்குச் சொல்லித்தராது. 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்று ஒரு வார்த்தை வாய்வரை வந்தது. 'கேட்கச் சொன்னேன், அடிக்கச் சொல்லவில்லை' என்றும் வந்தது. இரண்டும் கோழைத்தனம். அதோடு, அங்கே வழக்கு நடத்த நேரம் இல்லை. ஏழெட்டுப் பேர் இன்னும் பத்தடி நடந்தால் சிவப்புப் பகுதியின் கதவு.

"ஆமா, நான்தான் போட்டேன்," என்றேன். கூடத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். "தப்பு பண்ணிட்டேன். அத நான் பாத்துக்குறேன். உன் கைய காட்டு."

"கை கெடக்குதுக்கா, அவன..."

"துண்டு தாண்டி ரத்தம் சொட்டுது, தெரியலையா? நரம்பு அறுந்திருந்தா வெரலு மடங்காது. அப்புறம் மோட்டாரு ஹேண்டில்கூட புடிக்க முடியாது. உள்ள வா. நீ மட்டும்."

கும்பலோடு எதுவும் பேசாதீர்கள். கும்பலுக்குக் காது கிடையாது. அதிலிருந்து ஒரு ஆளை, தலைவனாக இருக்கிற ஆளை, அவனுக்கென்று இருக்கிற ஒரு பயத்தைப் பிடித்து வெளியே இழுங்கள். லோகன் விரலை மடக்கிப் பார்த்தான். வலித்தது. முகம் மாறியது. என் பின்னால் வந்தான். நான் அவனைச் சிவப்புப் பகுதிக்கு எதிர்த்திசையில், சிறு காயங்களுக்கான அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

மற்றவர்கள் இரண்டு நிமிடம் தயங்கிவிட்டு, சிவப்புப் பகுதிக் கதவை நோக்கிப் போயிருக்கிறார்கள். அங்கே மருத்துவ உதவியாளர் நின்றிருந்தார். கதவைத் தாழிட்டுவிட்டு, அதற்கு வெளியே நின்றார். உள்ளே நின்றிருக்கலாம். வெளியே நின்றார். அதை நீங்கள் யோசித்துப் பாருங்கள்.

"அபாங், இது இந்தியர் சமாச்சாரம், நீங்க தலையிடாதீங்க," என்று அவரை அண்ணனாக அழைத்து ஒருவன் மலாயில் சொல்லியிருக்கிறான்.

அவர் குரலை உயர்த்தவில்லையாம். "டாலாம் நி, செமுவா ஹால் சாயா" என்றாராம். இதற்குள்ளே இருப்பது எல்லாமே என் சமாச்சாரம். அதற்குள் ஆஸ்பத்திரிப் போலீஸ் சாவடியிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள்.

அறையில் லோகனின் காயத்தைக் கழுவி, பஞ்சு வைத்து அழுத்திப் பிடித்தேன். தேவைக்கு மேல் கொஞ்சம் அழுத்தினேன். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவன் பல்லைக் கடித்தான். நான் ஒழுகுகிற பைப்பு, நனைந்த சுவர், காய வைத்த படம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பொய் சொல்லுவாங்கக்கா. ஒங்களுக்குத் தெரியாது."

வாசலில் மங்கை நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. "தம்பி, அது என் சாமி படம்ப்பா," என்றாள். "எங்கம்மா எனக்குக் குடுத்தது. குப்பையில போடுவேனா?"

இங்கேதான் உண்மை வெளிவந்தது, அவன் கண்கலங்கினான், திருந்தினான் என்று எழுத எனக்கும் ஆசை. நடந்தது அதுவல்ல. லோகன் அவளைப் பார்த்தான். அவள் சொல்வது உண்மை என்று அவனுக்குப் புரிந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. புரிந்த பிறகு அவன் கேட்டது இதுதான்:

"அப்புறம் ஏன் அவனுங்கள வீட்டுக்குள்ள விட்டீங்க?"

அந்த நிமிடம் எனக்குப் பிடிபட்ட ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன். படம் காரணமே இல்லை. படம் கிடைக்காமல் போயிருந்தால் பாட்டுச் சத்தம் கிடைத்திருக்கும், வாகனம் நிறுத்திய இடம் கிடைத்திருக்கும். வெறுப்பு முதலில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. காரணத்தைப் பிறகு தேடிக்கொள்கிறது. நான் அதற்கு ஒரு காரணத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்திருந்தேன்.

ரப்பர் தோட்டத்தில் நாமெல்லாம் ஒற்றுமையாக இருந்தோம், இந்தக் காலத்தில்தான் கெட்டுப்போய்விட்டது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். நான் சாஆ என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். எங்கள் லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், ஒரு வேதக்காரக் குடும்பம் இருந்தது, கிறிஸ்துவர்கள். அவர்கள் வீட்டில் யாரும் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டோம். அவர்கள் வீட்டுப் பெண் சமைந்தபோது ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. அவர்கள் பங்குக்கு எங்கள் சாமியைப் பேய் என்றார்கள். கையில் ஹெல்மெட் இல்லை, வாட்ஸாப் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

போலீஸ் வந்து லோகனைத் தையல் போட்ட கையோடு கூட்டிக்கொண்டு போனார்கள். அன்று மாலையே கண் டாக்டர் சொல்லிவிட்டார். சாமுவேலுக்கு இடது கண்ணில் இனிப் பார்வை வராது.

ஷிஃப்ட் முடிந்தும் நான் வீட்டுக்குப் போகவில்லை. மருத்துவ உதவியாளரிடம் முதலில் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நின்று, கைப்பேசியைத் திறந்து என் வரியைக் காட்டினேன். மலாயில் அர்த்தம் சொன்னேன். அவர் கைப்பேசியை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, தானும் ஒருமுறை தன் கம்பத்து, அதாவது கிராமத்து, வாட்ஸாப் குழுவில் ஒரு கோயிலைப் பற்றி வந்த செய்தியை அனுப்பியதாகச் சொன்னார். பொய்ச் செய்தியாம். "அந்தத் தடவை யாரும் யாரையும் அடிக்கல. நசிப் சஜா, கக்," என்றார். வெறும் அதிர்ஷ்டம்தான். அதற்கு மேல் ஆறுதல் சொல்லவில்லை. சொல்லாததற்கு இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன்.

பிறகு வார்டுக்குப் போய் ஸ்டெல்லா முன்னால் நின்றேன். மன்னித்துவிடுங்கள் என்று ஆரம்பித்தேன்.

"எனக்கு ஒங்க மன்னிப்பு வேணாம் மிஸ்ஸி," என்றாள். அழவில்லை. "மன்னிப்பு எனக்கு எதுக்கு? இங்க சொன்னத பாலாய்ல போயிச் சொல்லுங்க."

பாலாய் என்றால் போலீஸ் நிலையம். அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

மறுநாள் வேலைக்கு வந்து, நான் பாலாய் போகப்போவதைச் சொன்னபோது எங்கள் பொறுப்புத் தாதி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பென்ஷனுக்கு ரெண்டு வருஷம்தானே இருக்கு, லெட்சுமி? ஒன்ன யாரும் கேக்கல. நீயே போயி ஏன் தலைய நீட்டுற?" என்றார். கெட்டவர் இல்லை. என் மேல் அக்கறையோடுதான் சொன்னார். இந்த அக்கறைதான் ஊரைக் கெடுக்கிறது.

சாயங்காலம் கோயில் தலைவர் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் என் கணவரின் படத்தைப் பார்த்தார்.

"லோகன் இவருக்குத் தோள் குடுத்தவன்மா. மறந்துடாத."

"மறக்கல."

"வயசுப் பையன். ஆர்வக்கோளாறு. கேசு ஆச்சுன்னா வேலையும் போச்சு, கல்யாணமும் போச்சு. நீ அந்த மெசேஜ அழிச்சிடு. குழுவுல மத்தவங்களும் அழிச்சிட்டாங்க."

"அந்தாளுக்குக் கண்ணு போச்சு, தலைவரே."

"அதுக்கு என்ன செய்யிறது? நாம பேசி முடிச்சுக்கலாம். நம்ம ஆளுங்கள நாமளே காட்டிக் குடுக்கக் கூடாது."

'நம்ம ஆளுங்க.' முப்பது வருடத்தில் நான் கேட்ட மிக ஆபத்தான சொல் அதுதான். கத்தி, ஹெல்மெட், இரும்புக் குழாய் எல்லாம் அதற்குப் பிறகுதான். சாமுவேல் தமிழ் பேசுகிறார். எங்கள் மாசாயில்தான் குடியிருக்கிறார். அவருடைய அப்பாவும் ரப்பர் மரம் சீவினவர். அவர் எப்போது நம்ம ஆள் இல்லாமல் போனார்? யார் அந்தப் பட்டியலை எழுதியது? இன்றைக்குக் கிறிஸ்துவனை வெட்டிவிட்ட பட்டியலில் நாளைக்கு நீங்களும் நானும் எவனோ ஒருவனுக்கு வேற்றாள்தான்.

"நான் நாளைக்குப் பாலாய் போறேன்," என்றேன். அவர் கோப்பியைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

போனேன். கைப்பேசியை மேசையில் வைத்தேன். வாக்குமூலம் எழுதிய அதிகாரி, "புவான், இது உங்களையும் சேர்த்துத்தான் மாட்டிவிடும், தெரியுமா?" என்று மரியாதையாக மலாயில் கேட்டார். தெரியும் என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆஸ்பத்திரி நிர்வாகம் என்னை விசாரித்து, எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, முன்வாசல் முகப்பிலிருந்து எடுத்துவிட்டது. சரியான முடிவு. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினால் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் போவதை நிறுத்தவில்லை. அந்த அம்மன் எனக்கும் தாய். நீதிமன்றத்தில் லோகனும் இன்னும் மூன்று பேரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். சிறைக்குப் போனார்கள். அந்தக் காணொளியை எடுத்தவன் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அவன் இன்றைக்கும் எங்கோ கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான்.

ஆனால் வழக்கு முடிவதற்கு முன்னால் நடந்த ஒரு விருந்தை உங்களுக்குச் சொல்லியாகவேண்டும்.

லோகன் ஜாமீனில் இருந்த சமயம். கோயில் நிர்வாகம் மண்டபத்தில் ஒரு நல்லிணக்க விருந்து வைத்தது. பெரிய பதாகை, புறா படம், கைகுலுக்கும் இரண்டு கைகள். அரசியல்வாதி ஒருவர் தலைமை. சாமுவேலையும் ஸ்டெல்லாவையும் அழைத்திருந்தார்கள். போகாதே, அந்த மண்டபத்துச் சோற்றைத் தொடாதே என்று சாமுவேலின் சபையில் ஒரு மூப்பர் தடுத்திருக்கிறார். "சோறு சோறுதானே ஐயா" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார் சாமுவேல். என்னை யாரும் அழைக்கவில்லை. மங்கை கூப்பிட்டாள், அவளுக்குத் துணையாகப் போனேன்.

மேடையில் லோகனையும் சாமுவேலையும் நிற்கவைத்தார்கள். புகைப்படக்காரர்கள் முண்டியடித்தார்கள். கட்டிப்பிடிங்க, கட்டிப்பிடிங்க என்றது ஒரு குரல். கோயில் தலைவர் ஒலிபெருக்கியைச் சாமுவேலிடம் நீட்டி, "பாஸ்டர் ரெண்டு வார்த்த பேசுவாரு. ரிப்போர்ட்ட மீட்டுக்கிறதப் பத்தி நல்ல முடிவு சொல்லுவாரு," என்றார்.

சாமுவேல் மெதுவாகப் பேசுகிற மனிதர். கண்ணில் இன்னும் கட்டு இருந்தது.

"தம்பி லோகன நான் மன்னிச்சிட்டேன்," என்றார். கைதட்டல். தட்டி முடிக்கட்டும் என்று காத்திருந்தார். "அது எனக்கும் என் ஆண்டவருக்கும் உள்ள கணக்கு. ரிப்போர்ட்ட நான் மீட்டுக்க மாட்டேன். மீட்டுக்கிட்டா அடுத்த வாரம் வேற ஒருத்தரோட கதவ ஒடைப்பாங்க. அவரு எந்தச் சாமிய கும்புடுறவரோ எனக்குத் தெரியாது. அவருக்காகத்தான் மீட்டுக்க மாட்டேன்."

கைதட்டல் எழவில்லை. லோகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தலைவர் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டு, "சரி சரி, எல்லாரும் சாப்பிடப் போலாம்," என்றார்.

இலை போட்டார்கள். சாமுவேலுக்கு இடது பக்கம் தண்ணீர் டம்ளர் வைத்திருந்தார்கள். பார்வை போய் இரண்டு மாதம்தான். அந்தப் பக்கம் கண் தெரியாது என்பது அவருக்கு இன்னும் பழகவில்லை. அப்பளத்துக்காகக் கையை நீட்டினார். புறங்கை பட்டு டம்ளர் கவிழ்ந்தது. தண்ணீர் மேசையில் ஓடி, எதிரே உட்கார்ந்திருந்த அரசியல்வாதியின் மடியில் வடிந்தது. சாமுவேல் பதறி எழுந்தார். மன்னிப்புக் கேட்டார். அவர்தான் கேட்டார்.

அரசியல்வாதி, தலைவர், பரிமாறியவர், பக்கத்து இலைக்காரர் எல்லாரும் ஒரே குரலில், "பரவால்ல, பரவால்ல," என்றார்கள். பெருந்தன்மையோடு சிரித்தார்கள்.

ஸ்டெல்லா இலையிலிருந்து கையை எடுத்தாள்.

"பரவால்லன்னு சொல்லாதீங்க," என்றாள். "ஒருத்தரும் சொல்லாதீங்க."

அவள் டம்ளரை நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றி, கணவனின் வலது பக்கம் வைத்தாள். அவர் கையைப் பிடித்து, அது எங்கே இருக்கிறது என்று தொட்டுக் காட்டினாள்.